கோரா படித்த தீவுத் தாய்

வெலிங்டன் தீவு: கப்பல் போக வழி வேண்டும் என்று காயலின் அடியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடம்தான் இந்தத் தீவின் பெரும்பகுதி. 1920-ல் கொச்சிக்கு வந்த என்ஜினியர் ராபர்ட் பிரிஸ்டோ செய்த வேலை அது. வேறிடத்து மண் என்று இன்று யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதன் மேல் ரயில் ஓடியது, கிடங்குகள் எழுந்தன, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் வேரூன்றின.

அப்படி வேரூன்றிய ஒரு தாய்க்கு வயது 56. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். துறைமுகத்தில் சுமை தூக்கிய கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஐ.டி.ஐ. முடித்து, தோப்பும்படியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தா படிக்கக் கொடுத்த புத்தகம் ஒன்று, இந்த அம்மாளைப் பல நாள் தூங்கவிடவில்லை. ரவீந்திரநாத் தாகூர் எழுதிய ‘கோரா’ நாவலின் தமிழாக்கம்தான் அது. வங்காளத்தில் 1907 முதல் பத்திரிகையில் தொடராக வந்து, 1910-ல் புத்தகமான கதை.

ஆனந்தமயியின் மடி

1857 கலகத்தின்போது ஓர் ஐரிஷ் பெண் உயிருக்குப் பயந்து கிருஷ்ணதயாளின் வீட்டுக்குள் ஓடி வருகிறாள். அன்றிரவே ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். பிள்ளையில்லாத ஆனந்தமயி அதை மடியில் எடுத்துக்கொள்கிறாள். அந்த நிமிஷமே அவளுடைய ஆசாரம், தீட்டு எல்லாம் போய்விடுகிறது. வளர்ந்த கோராவோ நேர்மாறு. ஆசாரத்தில் ஊறியவன். அம்மை போட்டிருந்தபோது தன்னைக் காப்பாற்றிய கிறிஸ்தவ வேலைக்காரி லச்மியா இருக்கும் அறையில், தாய் கையாலும் சாப்பிட மாட்டேன் என்கிறான்.

உண்மை கடைசியில்தான் வெளிவருகிறது. கிருஷ்ணதயாள் நோயில் விழுகிறார். தாம் இறந்தால் வேற்றுச் சாதிப் பிள்ளை கருமம் செய்துவிடுவானே என்று பயந்துதான் சொல்கிறார்.

“அந்தப் பயம் இல்லாவிட்டால் அவர் கடைசி வரை சொல்லியிருக்கவே மாட்டார். பிள்ளை மேல் உள்ள பாசத்தால் சொல்லவில்லையே, தம் பரலோகத்துக்காகச் சொன்னார். ஆனந்தமயி மேலும் எனக்கு வருத்தம்தான். அத்தனை தைரியக்காரி, இந்த ஒன்றை மட்டும் ஏன் மறைத்தாள்?” என்கிறார் அம்மாள்.

அவர் இப்படிக் கோபப்படக் காரணம் உண்டு. அவருடைய மகனும் மடியில் வந்த பிள்ளைதான். கணவரோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி பிரசவத்தில் இறந்தார். இருபத்திரண்டு நாள் குழந்தையைத் தகப்பனார் மனமார ஒப்படைத்தார். பத்திரமும் பதிவாயிற்று. மகனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

பத்திரத்தில் ஒரு சொல்

1956-ஆம் ஆண்டு வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்தது. விதவைக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கும் தத்தெடுக்கும் உரிமை தந்தது. ஆனால் கணவனோடு வாழும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. தத்தெடுப்பவர் கணவர், மனைவி சம்மதம் தருபவர், அதன் பேரில் தாயாகக் கருதப்படுபவர். 2010-ல்தான் இது திருத்தப்பட்டது.

“ராத்திரி முழுக்கப் பால் காய்ச்சிப் புகட்டியவள் நான். பத்திரத்தில் நான் வெறும் ‘சம்மதம்’!” என்று சிரிக்கிறார்.

இந்தச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், ஜைனர், சீக்கியருக்கு மட்டுமே. மற்ற மதத்தவரும் முழு உரிமையோடு தத்தெடுக்க வழி தந்தது 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும்தான். அந்த வழியில் முன்பு கோர்ட் போட்ட உத்தரவை 2022 முதல் மாவட்ட கலெக்டரே போடுகிறார்.

தாய்மாமன் யார்?

மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பெண் வீட்டார் முதலில் கேட்டதே “தாய்மாமன் எந்த ஊர்?” என்றுதான். தத்துப்போன பிள்ளை, பிறந்த வீட்டில் எந்த உறவில் மணக்கக்கூடாதோ, அந்தத் தடை தத்துக்குப் பிறகும் நீடிக்கும் என்கிறது சட்டம். உண்மை தெரியாமல் தவறான முறையில் பெண் எடுத்துவிட்டால் என்ன செய்வது?

நாவலை முடித்த மூன்றாம் நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் “அந்த அம்மா எந்த ஊரும்மா?” என்று கேட்டான்.

இந்த இடத்தில் நாவலாசிரியரோடு தமக்கு ஒரு வழக்கு உண்டு என்கிறார் அம்மாள். “கோராவைப் பெற்றவர்கள் இருவரும் செத்துப்போனார்கள். அவர்கள் தேசமோ ஏழு கடல் தாண்டி. அவன் தேடிப்போக யாருமில்லை. அதனால் ஆனந்தமயியிடம் திரும்பி வந்து ‘நீதான் தாய்’ என்று சொல்வது சுலபம். என் பிள்ளைக்கு மாமனும் சித்தியும் செங்கோட்டைப் பக்கம் இருக்கிறார்கள். ஒரு ராத்திரிப் பயணம். அவன் போய்விட்டுத் திரும்பி வருவானா என்று தாகூர் எழுதவில்லை. நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.”

‘பெற்றால்தான் பிள்ளையா’ என்று 1966-ல் எம்.ஜி.ஆர். படத்துக்கே பெயர் வைத்த தமிழர் நாம். துளசிச் செடியடியில் கண்டெடுத்த ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் பக்கத்து வீட்டில் அதுவே நடந்தால் காதோடு காதாகத்தான் பேசுகிறோம். அந்தக் கிசுகிசுப்புக்குப் பயந்தே பல வீடுகளில் பெட்டியடியில் பத்திரம் தூங்குகிறது.

மகனைத் தனியே அனுப்பவில்லை, தாமும் கூடவே போனார். பெற்றவளின் படம் ஒன்று மாமன் வீட்டுச் சுவரில் மாலையோடு இருந்தது. மகன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, “அம்மா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? நாளைக்கு ஷிப்ட் இருக்கு” என்றான்.

வருகிற தை மாதம் கல்யாணம். கூடப்பிறந்த தம்பி ஒரு புறமும், செங்கோட்டைப் பக்கத்து மாமன் ஒரு புறமும் நிற்க வேண்டும் என்பது அம்மாளின் ஏற்பாடு. ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு தாய்மாமனா என்று ஊரார் கேட்டால்?

“கேட்கட்டுமே. சீர்த் தட்டு இரட்டிப்பாக வருமே, அதையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகட்டும்!”