நெய் சேராத கோதுமை அல்வா: கொங்கண யூதர் வீட்டுப் பண்டிகைச் சமையல்

திருநெல்வேலிக்காரர்களிடம் அல்வாவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, நெய் விட்டுக் கிண்டும் வித்தை அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதே கோதுமைப் பாலை எடுத்து, நெய்யை அறவே தள்ளிவிட்டு, தேங்காய்ப் பாலில் கிண்டுகிற அல்வா ஒன்று மும்பையில் இருக்கிறது. மிட்டாய்க் கடைகளில் அதை அடுக்கி வைத்திருப்பதில்லை. செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் யூதப் புத்தாண்டுக்காக 'பெனே இஸ்ரேல்' சமூகத்தார் தங்கள் வீடுகளில் செய்துகொள்வது அது.

பெனே இஸ்ரேல் என்றால் இஸ்ரவேலின் மக்கள் என்று பொருள். இவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் அலிபாக் அருகே நவ்காவ் கடற்கரைக்கு அப்பால் உடைந்தது; ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை சேர்ந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கொங்கணத்துக் கிராமங்களில் தங்கிய இவர்கள் செக்கு ஆட்டி எண்ணெய் பிழிந்து பிழைத்தார்கள். சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று செக்கு ஓடாது. ஆகவே ஊரார் இவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தார்கள். பேச்சு மராத்தி. பெயரின் பின்னால் திவேகர், பேண்கர் என்று ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேரீச்சையும் முந்திரியும் மொத்த விலையில் வாங்க மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கும் தமிழர்கள் பலர் உண்டு. அங்கே சாமுவேல் தெருவில் நிற்கும் யூத ஆலயம் 1796-ல் எழுந்தது. கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்ற கம்பெனிப் படைவீரர். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு உயிர் தப்பி வந்ததற்கு நன்றிக் காணிக்கையாக அதைக் கட்டினார் என்பார்கள். உள்ளூரார் இந்த ஆலயத்தையும் மசூதி என்றே சொன்னதால்தான் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு வழக்கு உண்டு.

மீனைப் பார்த்துச் சொன்ன பெண்கள்

நூற்றாண்டுக் கணக்கில் இவர்களிடம் வேதநூல் இல்லை. எபிரேய மொழியும் மறந்துபோயிற்று. மிஞ்சியவை சனிக்கிழமை ஓய்வு, விருத்தசேதனம், ஒரு சிறு பிரார்த்தனை, அடுப்படி வழக்கங்கள் ஆகியவையே. தாவீது ரஹாபி என்ற யூதர் வந்து இவர்களைக் கண்டபோது, இவர்கள் யூதர்கள்தானா என்று சோதிக்க விரும்பினாராம். பல வகை மீன்களைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னார். செதிலும் துடுப்பும் இல்லாதவற்றை அவர்கள் தனியே ஒதுக்கிவிட்டு, "இவற்றை நாங்கள் உண்பதில்லை" என்றார்கள். ரஹாபிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கதை எந்த நூற்றாண்டில் நடந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அச்சமூகத்துப் பெண்கள் பெருமையோடு சொல்லும் கதை இதுதான்.

அல்வாவில் நெய் இல்லாததற்கும் வேத விதியே காரணம். வெள்ளாட்டுக் குட்டியை அதன் தாய்ப் பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளையிலிருந்து, இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது என்ற சட்டம் பிறந்தது. பண்டிகை விருந்தில் ஆட்டுக்கறி இருக்கும். அதன்பின் நெய் அல்வா உண்ண வழியில்லை. கொங்கணத்திலோ தென்னைக்குப் பஞ்சமில்லை. கறிக் குழம்புக்கும் இனிப்புக்கும் தேங்காய்ப் பாலே கை கொடுத்தது.

பண்டிகைகளின் மராத்திப் பெயர்களைக் கேட்டாலே சமையலறை வாசனை வீசும். பஸ்காவுக்குப் பெயர் 'அனாஷி டாக்காச்சா சண்'. புளிப்பு ஏறிய நீர் வைக்கும் ஜாடியை எட்டு நாள் மூடி வைக்கும் பண்டிகை என்பது இதன் பொருள். பஸ்காவில் புளித்ததைத் தொடக் கூடாதல்லவா! எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாளுக்குப் பெயர் 'பிர்ட்யாச்சா ரோஜா'. பிர்டே என்பது முளைகட்டித் தோல் உரித்த வால் பயறு. நம் மொச்சையின் இனம். பூரீம் பண்டிகை ஹோலியை ஒட்டி வருவதால் 'ஹோலிச்சா சண்' ஆயிற்று. அன்று பூரண் போளி. ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்குத் திராட்சை மது கிடைக்காத ஊரில், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தே போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானது மலீதா. கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் செய்யும் இனிப்பு அவல்தான் என்று சொல்லிவிடலாம். ஊறிய அவலில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், பாதாம், பிஸ்தா, திராட்சை கலந்து தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கதரிசியை நினைத்து ஜெபித்துப் பங்கிடுவார்கள். கலியாணம், புதுவீடு, நோய் தீர்ந்த நன்றி, வேண்டுதல் நிறைவேற்றம் எதற்கும் மலீதா உண்டு. எலியா அக்கினி ரதத்தில் செல்லும் வழியில் அலிபாக் பக்கத்துப் பாறை ஒன்றில் தடம் பதித்தார் என்று நம்பி, அங்கேயும் சென்று படைக்கிறார்கள். உலகின் மற்ற யூதர்களிடம் இந்தப் படையல் கிடையாது.

ஏட்டில் ஏறிய கைப்பக்குவம்

1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். தீமோனா, அஷ்தோத், பெயெர்செபா போன்ற ஊர்களில் குடியேறினார்கள். அங்கே போயும் நிம்மதி உடனே கிடைக்கவில்லை. இவர்கள் முழு யூதர்கள்தானா என்று மத குருமார் சந்தேகம் கிளப்பி, திருமணங்களுக்குத் தடை போட்டார்கள். போராட்டத்துக்குப் பின் 1964-ல்தான் அந்த அவமானம் நீங்கியது. ரஹாபி ஒரு கூடை மீனில் முடித்த காரியத்துக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது!

இங்கே தங்கியவர்கள் சில ஆயிரம் பேரே. 2016-ல் மகாராஷ்டிர அரசு யூதர்களுக்குச் சிறுபான்மையினர் தகுதி அளித்தது.

பாட்டி கிண்டுவதைப் பேத்தி பார்த்துக் கற்கும் வரை எழுத்து தேவைப்படவில்லை. பாட்டி அலிபாகிலும் பேத்தி அஷ்தோதிலும் இருந்தால் என்ன செய்வது? ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் தம் மக்களின் வரலாற்றை 1897-ல் எழுதி முடித்தார். அவர் மறைந்த பிறகு, 1937-ல் டெல் அவிவ் நகரில் அது அச்சாயிற்று. பண்டிகைகளும் பழக்கங்களும் அதில் இருக்கின்றன. அடுப்படியையே புத்தகமாக்கியவர் அகமதாபாத் எழுத்தாளர் எஸ்தர் டேவிட். பிள்ளைகள் இஸ்ரேல் போன பிறகு, கொங்கணக் கிராமத்தில் தனியே இருந்து பழைய ஆலயத்தைக் காக்கும் மூதாட்டியின் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சமையல் குறிப்போடு தொடங்கும். 'புக் ஆஃப் ரேச்சல்' என்ற அந்த நாவல் 2010-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. பிறகு 2021-ல் இந்திய யூதர்களின் சமையலுக்கென்றே தனி நூல் வெளியிட்டார்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு அல்வாவின் பக்குவம் இதோ: கோதுமையை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அரைத்துத் துணியில் பிழிந்த பாலை ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் கெட்டியாகப் படியும். இதை அவர்கள் 'சிக்' என்கிறார்கள். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் சேர்த்து, அடி கனத்த பாத்திரத்தில் மிதமான தீயில் கிண்ட வேண்டும். கை ஓயக் கூடாது; ஓய்ந்தால் கட்டி தட்டும், அடி பிடிக்கும். மணிக்கணக்கில் ஆகும் வேலை என்பதால் வீட்டு ஆண்களும் கரண்டியைக் கை மாற்றிக்கொள்வது உண்டு. பாத்திரத்தின் ஓரத்தை விட்டு ஒட்டாமல் சுருண்டு வந்ததும் தட்டில் பரப்பி, ஏலப்பொடியும் பாதாம் பிஸ்தாச் சீவலும் தூவி, ஆறியதும் சாய்சதுரமாக வெட்டலாம். இளஞ்சிவப்புச் சாயம் சேர்ப்பது அவரவர் விருப்பம். அவசரக்காரர்கள் 'சிக்'குக்குப் பதில் சோள மாவோ கடல்பாசியோ போடுகிறார்கள். வேலை சுருங்கும், ருசியும் சுருங்கும்.

ஞாயிறு விடுமுறையில் கிண்ட நினைப்பவர்கள் புதன்கிழமை இரவே கோதுமையை ஊறப்போட்டுவிட வேண்டும்.