கட்டம் போடக் கற்றுக்கொண்டேன்

என் மாமியாருக்குக் காபி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குறுக்கெழுத்து இருக்க வேண்டும். சர்க்கரையால் பார்வை மங்கிய பிறகு பத்திரிகைக் கட்டங்கள் தெரியவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய கட்டமாக நானே போட்டுத் தந்தால் என்ன?

எடுத்த எடுப்பிலேயே பதினொன்றுக்குப் பதினொன்று, அதாவது 121 கட்டங்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். 'சாம்பார்' என்று குறுக்கே எழுதி, 'ம்' கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் தொடங்கப் பார்த்தேன். புள்ளி எழுத்தில் எந்தச் சொல் தொடங்கும்? அம்மி மாதிரி, மேலிருந்து வரும் சொல்தான் அதை நடுவில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலீஷில் 26 எழுத்து, நமக்கு 247. கடுகின் 'டு'வும் கடலையின் 'ட'வும் ஒட்டாது. வேறு வழியில்லாமல் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத சொற்களைப் போட்டு அடைத்தேன். போதாததற்குக் 'கறுப்பு' வேறு. கருப்பு என்றும் எழுதலாமே, எதை நிரப்புவது?

அத்தை பாதியில் பென்சிலை வைத்துவிட்டார். "இது விளையாட்டா, தண்டனையா? முதல்ல சின்னதா நாலு சொல்லை ஒழுங்கா கோத்துக் காட்டு."

கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். 1913-ல் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் பத்திரிகையில் போட்ட முதல் புதிர்கூட எளிய குறிப்புகள்தானாம்!

மறுநாள் அடுக்களையில் கண்ணில் பட்டதை வைத்தே ஆரம்பித்தேன். குறுக்கே விளக்கு. அதன் 'ள'வில் மேலிருந்து கீழாக மிளகு. மிளகின் 'கு'வில் குறுக்கே வந்து முடிகிறது கடுகு. எழுதிப் பார்த்தால், 'வி'க்கு நேர் கீழே 'டு' வந்து 'விடு' என்று தானாகவே ஒரு சொல்! நீங்களும் எழுதிப் பாருங்களேன். தப்பு என்று அழிக்கப் போனேன். "அதை ஏன் அழிக்கறே? அதுக்கும் ஒரு குறிப்பு கொடு" என்றார் அத்தை.

ஒரு மாதம் ஐந்துக்கு ஐந்துதான். எந்தச் சொல் எதோடு சேரும் என்பது கைக்குப் பழகியது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகப் போட்டுவிட்டு, குறிப்பில்தான் கொஞ்சம் விளையாட வேண்டும் என்பதும் அப்போது புரிந்தது. 'எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சிரிக்க வைப்பவன்' - ஐந்தெழுத்து. விகடகவி! சட்டென்று சொல்லிவிட்டார். 'முன்னால் தேர் வரும், விரலில் மை வைப்பார்கள்' - நான்கெழுத்து. இதற்குச் சாயங்காலம் வரை யோசித்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் திடீரென்று, "தேர்தல்டீ!" என்று ஒரு சத்தம். என் கணவர் பயந்தே போனார்.

போன வாரம் கேட்டார்: "இனிமே ஒன்பது கட்டம் போடேன். ஆனா எண்ணை இன்னும் பெரிசா எழுது."