புகை நீங்கிய கரிக்கட்டி



விறகு எரிந்தால் புகை எழுவது இயற்கை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் புகை என்பது எரியாது வீணாகிய விறகேயாகும். ஈரமான மிலாறை அடுப்பில் வைத்தால், தீயின் சூடு முதலில் நீரை ஆவியாக்குவதிலே செலவாகின்றது. விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் போதிய வெப்பமும் காற்றும் பெறாமையால் கரியாகவும் பிசினாகவும் வெளியேறுகின்றன. லயக் காம்பராக்களின் கறுத்த கூரைத் தகரம் இதற்குச் சான்று. அடுப்பூதும் தாயின் கண்ணையும், அருகிருந்து பாடம் படிக்கும் பிள்ளையின் நெஞ்சையும் அதே புகையே வருத்துகின்றது. 2020ஆம் ஆண்டில் வீட்டு அடுப்புப் புகையால் உலகெங்கும் 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இருக்கின்றனவே எனச் சிலர் கூறலாம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலின், வீணே கிடக்கும் பொருள்களைப் புகை குறைந்த எரிபொருளாக்கும் வழியை அறிந்திருத்தல் நலம்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, உலர்ந்த உமியையும் மரத்தூளையும் இயந்திரத்திலிட்டு மிகுந்த அழுத்தத்தால் கட்டியாக்குவது. அழுத்தத்தால் உண்டாகும் சூட்டில் மரப்பொருளில் உள்ள லிக்னின் இளகிப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, பொருளை முதலில் காற்றுக் குறைந்த கலத்தில் கரியாக்கிப் பின்னர் கட்டியாகப் பிடிப்பது. புகை தரும் வாயுக்கள் அடுப்புக்கு வருமுன்னரே நீங்கிவிடுகின்றன.

கட்டியாக்கிய பின்னர் கரியாக்கும் முறையைத் தமிழ்நாட்டின் நெய்வேலியில் பேரளவில் கையாண்டனர். 1956இல் அமைந்த பழுப்பு நிலக்கரி நிறுவனம், நிலக்கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப்புகாத உலையில் சூடேற்றியது. ‘லெக்கோ’ என்ற பெயரில் அக்கட்டிகள் பல்லாண்டு தமிழக இல்லங்களில் எரிந்தன. வேறு சில நாடுகளில் நிலக்கரித் தூளுடன் வேளாண் கழிவையும் சிறிது சுண்ணாம்பையும் சேர்ப்பர். கழிவு விரைவில் தீப்பற்ற உதவும். சுண்ணாம்பு கந்தகத்தின் ஒரு பகுதியைச் சாம்பலில் நிறுத்திவிடும்.

நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. நுரைச்சோலை மின்நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரியும் கப்பலிலேயே வருகின்றது. ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலோ கவ்வாத்துக் கழிவு உண்டு; மரக்காலைகளில் மரத்தூள் உண்டு; வலப்பனைப் பக்கத்து வயல்களின் நெல்லிலிருந்து உமி கிடைக்கும். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமியன்றோ? ஆயினும் உமிக்கரியில் சாம்பல் மிகுதி. மிலாற்றுக் கரியுடன் கலப்பதே தகும். கோவா, லீக்ஸ், கரட் ஆகியவற்றின் ஈரக் கழிவுகளைப் பசளைக் குழிக்கு விட்டுவிடுக.

பத்துப் பங்கு கரித்தூளுக்கு ஒரு பங்கு மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிசைந்து, குழாய்த் துண்டில் இறுக அடைத்து எடுத்தால் கட்டி கிடைக்கும். காயவைப்பதுதான் கடினம். பனியும் மழையும் மிகுந்த நம் மலையில், மாசி பங்குனி வெயிலே இதற்கு ஏற்ற காலம். ஈரக் கட்டி புகையும்.

மேலும் ஒன்று. சாதாரணப் பீப்பாயில் கரி சுடும்போது, விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அங்கேயே இழக்கப்படுகின்றது. எனவே நல்ல விறகைக் கரியாக்குவது நட்டமே. அதை நன்கு உலர்த்தி ‘அனகி’ போன்ற சீரான அடுப்பில் எரிப்பதே சிக்கனம். அடுப்புக்கு ஆகாத தூளும் துகளும் சருகுமே கரிக்கட்டிக்கு உரியவை. பீப்பாய்ப் புகையும் லயத்துக்கு அப்பால் செல்ல வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. புகை இல்லையென்றால் நஞ்சும் இல்லை என்று கருதற்க. கரி கனலும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. தென்கொரியாவில் 1960களிலும் 1970களிலும் வீட்டைச் சூடாக்க எரித்த நிலக்கரிக் கட்டிகளின் வாயு கசிந்து, பலர் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். புகை கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். இவ்வாயுவோ தூங்கவைத்துக் கொல்லும். மார்கழிக் குளிரில் கனல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவோர் இதனை நினைவிற்கொள்க. கரிக்கட்டியை எரிக்குங்கால் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். உறங்குமுன் கனலை வெளியே எடுத்துவிடுக.