புண் ஆறியது, உடம்பு இளைத்தது ஏன்?

2018-ம் வருஷம் தை மாதம், சோறு வடிக்கும்போது என் தங்கையின் சிந்தெடிக் புடவைத் தலைப்பில் தீப்பிடித்தது. மார்பு, இரண்டு கைகள், முதுகில் பாதி. உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தாளே, இனிமேல் என்ன என்று நினைத்தோம்.

புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் ஆள் கரைந்துகொண்டே போனாள். 57 கிலோ இருந்தவள் 45 கிலோவுக்கு வந்துவிட்டாள். பங்குனி வெயிலில் போர்வை கேட்டாள். நானோ, வெந்த உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஃபேனை வேகமாக வைத்தேன். அம்மா பத்தியம் வைத்தாள். முட்டை, மீன், பருப்பு எல்லாம் சீழ் வைக்குமாம். மூன்று வேளையும் ரசம் சாதம்தான். பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி, "போகட்டும், உடம்பாவது குறைஞ்சுதே" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது!

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா முதலில் புண்ணில் கிருமி இல்லையென்று பார்த்துக்கொண்டார். பிறகு எடையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். அம்மா பெருமையாகப் பத்தியத்தைச் சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வெளியில தீ அணைஞ்சுடுச்சும்மா. உள்ளே இன்னும் எரியுது!"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பெரிய தீக்காயம் பட்டால், பயத்தில் சுரக்குமே அட்ரினலின், அந்த வகை ஹார்மோன்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடங்காமல் சுரக்கின்றன. சும்மா படுத்திருந்தாலே சக்தி ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்கு வரை செலவாகும். இரண்டு வருஷம் கழித்தும் இது முழுக்கத் தணியாதவர்கள் உண்டு.

இதில் கொழுப்பின் கதைதான் எனக்கு ஆச்சரியம். நம் தோலுக்கடியில் இருப்பது வெள்ளைக் கொழுப்பு. அது சேமிப்பு டப்பா. பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு; அது அடுப்பு, எரிந்து சூடு கொடுக்கும். பிறந்த குழந்தைக்குக் கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இது இருப்பதால்தான், பச்சைக் குழந்தை நடுங்காமலே உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. கடுமையாக வெந்தவர்களுக்கு இந்த வெள்ளைக் கொழுப்பே பழுப்பு மாதிரி மாறி எரியத் தொடங்குகிறதாம். அமெரிக்காவில் கால்வெஸ்டனிலும் கனடாவில் டொரான்டோவிலும் ஆராய்ந்தவர்கள் 2015-ல் இதை எழுதியிருக்கிறார்கள். ஊளைச் சதையைக் குறைக்க இந்தப் பழுப்புக் கொழுப்பு உதவுமா என்று உலகமே தேடிக்கொண்டிருக்க, என் தங்கைக்கு அது திருடனாக வந்து சேர்ந்தது!

"சரி டாக்டர், கொழுப்புதானே போச்சு, நெய்யா ஊத்திடறேன்" என்றாள் அம்மா.

"ஐயோ, அதுவும் வேண்டாம்மா. கரையற கொழுப்பு பூரா எரியறதில்லை. ரத்தத்துல கலந்து கல்லீரல்ல போய்ச் சேருது. சதையும் கரையுது. முட்டை, மீன், பருப்பு, பால் கொடுங்க. சாதத்தையும் குறைக்காதீங்க. ரூமைக் கதகதப்பா வையுங்க. குளிர்ந்தா அந்த அடுப்பு இன்னும் வேகமா எரியும்."

இதயத் துடிப்பைத் தணிக்க ஒரு மாத்திரையும் எழுதினார். அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. டாக்டர் பார்த்துத்தான் தரவேண்டும். கையை மடக்கி நீட்டவும், தினம் கொஞ்சம் நடக்கவும் சொன்னார். சதை திரும்ப வர அதுவும் வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே அம்மா இரண்டு முட்டை வேக வைத்தாள். உரிக்கும்போது கை நடுங்கியது. "நானே பட்டினி போட்டுட்டேனேடி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

எடை உடனே ஏறிவிடவில்லை. முதல் நான்கு மாதம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று இழுபறிதான். அந்த வருஷம் தீபாவளிக்கு அவளுடைய ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தோம். 2020 பொங்கலுக்கு அவள் 53 கிலோ. அம்மா அந்த ரவிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.