தொலைநோக்கிக்கு முன் தூண்

வீட்டிலேயே வான் நோக்குக்கூடம் அமைக்க ஆசைப்படுபவர்கள் எடுத்த எடுப்பில் தொலைநோக்கியின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டிய ஆள் கொத்தனார்.

காட்சியை நூறு மடங்கு பெரிதாக்கும் கருவி, தன் ஆட்டத்தையும் நூறு மடங்காக்கிக் காட்டும். ஆகவே அது நிற்கும் தூணுக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். மூன்றடிக் குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் தூண் எழுப்பி, சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டுத்தான் தரை போட வேண்டும். அந்தச் சந்தில் தெர்மோகோல் செருகலாம். மேஸ்திரி நல்லெண்ணத்தில் கலவையை ஊற்றிப் பூசிவிட்டால், பக்கத்தில் யார் நடந்தாலும் வியாழன் குதிக்கும்.

பாடம் பழையதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தமாக ஒரு நோக்குக்கூடம் அமைத்தார். கம்பெனி அதை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கூடம் கட்டியபோது, கருவியைத் தாங்க நிறுத்தியது சுமார் 10 டன் கருங்கல் தூண். கூடம் போய்விட்டது; தமிழ்க் கல்வெட்டோடு தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

மொட்டை மாடிதான் உண்டு என்றால், தளத்தின் நடுவை விட்டு, கீழே பில்லர் வரும் இடத்துக்கு நேர்மேலே தூணை எழுப்புங்கள். பகல் வெயிலைத் தளம் நள்ளிரவு வரை கக்கும். அந்த அனலில் சனியின் வளையம் நெளியும். கோள்களைப் பார்க்கப் பின்னிரவே தோது.

சுழலும் குவிமாடம் காற்றையும் தெருவிளக்கையும் தடுக்கும். ஆனாலும் என் ஓட்டு, தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும் தகரக் கூரைக்கே. கேட் செய்யும் பட்டறையிலேயே செய்து வாங்கலாம். திறந்ததும் உள்ளே தேங்கிய வெப்பம் போய்விடும். நாலு மூலையிலும் இறுக்கிப் பூட்டக் கொக்கி அவசியம், புயல் மாதங்களை மறந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க சிலிக்கா ஜெல் போட்ட பெட்டி போதும்.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுன்ட் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதை ஈடுகட்ட, மவுன்ட்டின் அச்சு வான வடதுருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். சென்னையில் அந்தப் புள்ளி அடிவானிலிருந்து 13 டிகிரி உயரத்தில்; கன்னியாகுமரியில் 8 டிகிரிதான். சில மவுன்ட்களில் அச்சை அவ்வளவு தாழ்த்த வழியே இராது, கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டு மாடி துருவ நட்சத்திரத்தை மறைத்தால், வேறு நட்சத்திரங்கள் விலகிப்போகும் போக்கைப் பார்த்து அச்சைத் திருத்திக்கொள்ளலாம்.

வடக்கு மறைந்தால் இப்படிச் சமாளிக்கலாம். தெற்கு மறையும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தெரியாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, சித்திரை இரவுகளில் நமக்கு அந்தப் பக்கம்தான் ஏறி வருகிறது.