நீரிணைக் குடியேற்றங்களின் முடிவும் பினாங்கின் வணிகக் கணக்கும்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களையும் 1826இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே ஆட்சிக்குள் சேர்த்து உருவாக்கிய நீரிணைக் குடியேற்றங்கள், 1867 முதல் பிரிட்டிஷ் அரசின் நேரடிக் காலனியாக இருந்து, 1946 ஏப்ரல் முதல் நாளன்று கலைக்கப்பட்டன. சிங்கப்பூர் தனிக் காலனியாயிற்று. மற்ற இரண்டும் மலாயன் யூனியனிலும், 1948 பிப்ரவரியில் அதன் இடத்துக்கு வந்த மலாயாக் கூட்டரசிலும் சேர்ந்தன. கப்பலும் சரக்கும் வணிகரும் மாறாதிருக்க, பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற மூட்டை மட்டும் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குப் போகும் சரக்காயிற்று. ஆகவே இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வணிகப் புள்ளிவிவரங்களைப் பிந்தையவற்றோடு ஒப்பிடுவோர், அவை எந்த எல்லையை வைத்து எண்ணப்பட்டவை என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

பினாங்குக்குச் சிக்கல் இரட்டிப்பாக இருந்தது. பிரான்சிஸ் லைட் 1786இல் தொடங்கிவைத்த தீர்வையில்லாத் துறைமுகம், அதாவது பெரும்பாலான சரக்கு வரியின்றி இறங்கி ஏறும் துறைமுகம், இடையில் ஒரு காலகட்டம் நீங்கலாக நீடித்து வந்தது. கூட்டரசில் சேர்ந்த பின்பும் தீவு முதன்மைச் சுங்கப் பகுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டதால், அரசியலில் உள்நாடாகவும் சுங்கத்தில் வெளிநாடாகவும் அது ஒரே நேரத்தில் இருந்தது. பினாங்கைக் கூட்டரசிலிருந்து பிரிக்கக் கோரி 1948இன் இறுதியில் எழுந்த இயக்கத்தைப் பிரிட்டிஷ் முடியாட்சிப் பற்று என்று மட்டும் விளக்குவது போதாது. தீர்வையில்லா நிலை பறிபோகும் என்ற வணிகரின் அச்சமும் அதில் இருந்தது. கோரிக்கை 1949இல் பினாங்கின் குடியேற்ற மன்றத்தில் தோற்றது. அஞ்சிய இழப்பு 1969இல் நேர்ந்தது.

அரசின் ஏடு எல்லையைப் பின்பற்ற, வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பேரேடோ விலாசத்தை, அதாவது நிறுவனத்தைக் குறிக்கும் முதலெழுத்துத் தொடரை, பின்பற்றியது. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில், அதாவது பல நிறுவனங்களின் பெட்டியடிகள் (பெட்டி வைத்துத் தொழில் நடத்தும் இடங்கள்) ஒரே கூரையின்கீழ் இருந்த கடைவீடுகளில், மூன்றாண்டுத் தவணைக்கு வந்த முகவர் முடிவில் ஐந்தொகை தயாரித்து முதலாளிக்குக் கணக்கு ஒப்புவிப்பார்; இரங்கூனும் மேடானும் பினாங்கும் அதில் ஒரே முதலின் கிளைகள். இச்சமூகத்தின் கணக்கை உண்மையில் குலைத்தது எல்லைக்கோடு அன்று, நாணயம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபின் வெளியிட்ட நோட்டு, 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் செல்லாததாயிற்று. அந்த நோட்டில் அடைக்கப்பட்ட கடன் தீர்ந்ததா என்ற வழக்கைத் தீர்க்க, 1948இன் கடனாளர், கடன் கொடுத்தோர் சட்டம் ஜப்பானிய நாணயத்துக்கு மாதவாரியாக மதிப்பு வகுத்த அட்டவணையைத் தந்தது. அவ்வாறு மதிப்பிடப்பட்ட கடன்களில், ஏட்டின் தேதிப் பத்தி தொகைப் பத்திக்கு நிகரான கனம் பெற்றது.

நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகர் 1832இல் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியதால், அரசின் ஆவணங்களும் அங்கே சேர்ந்தன. காலனி கலைந்தபோதும் கம்பெனிக் கால ஆவணத் தொகுதி பிரிக்கப்படவில்லை. பினாங்கின் தொடக்க வணிகத்தை ஆராய்வோர் இன்றும் சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தையோ இலண்டனின் இந்திய அலுவலகப் பதிவுகளையோ நாட வேண்டியிருக்கிறது.