சொல்லாமற் போவதில்லை

“சும்மா இருந்தது, தானாய்ப் பூட்டுப்பட்டுப் போயிற்று” என்பது கணினியைப் பற்றி நம்மூர்களிலே இப்பொழுது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. எழுதிக்கொண்டிருந்த சாளரம் ஒரு நொடியிலே மறைந்துவிடும். ஒலியில்லை, அறிவிப்பில்லை, திரையிலே பின்புலப் படம் மாத்திரம் எஞ்சி நிற்கும். முறைப்பாட்டிலுள்ள துயரம் மெய்யானது. ஆயின் அவ்வாக்கியத்தின் இரு கூறுகளும் ஆராயத்தக்கன. சும்மா இருந்த செயலி மூடிக்கொள்வதில்லை. தானாய் மூடிக்கொண்டதா, பிறிதொன்றால் மூடப்பட்டதா என்பதோ முன்னரே முடிபு கூறத்தக்கதன்று. செய்வினை, செயப்பாட்டுவினை என்று நாம் வகுப்பிலே பிரித்துக் காட்டும் வேறுபாடுதான் இது. லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் ஐயமறத் தெளியலாம். ஏனெனில் அங்கே செயலிகள் சொல்லாமற் போவது அரிது. நாம் பார்க்கும் இடத்திலே சொல்வதில்லை, அவ்வளவே.

லினக்ஸ் என்பது 1991 ஆம் ஆண்டிலே, பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் எழுதி வெளியிட்ட கருனியை அடியாகக் கொண்டது. கருனி என்பது பொறிக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று யாவற்றையும் ஆளும் நிரல். இதன் மூலத்தை எவரும் வாசிக்கலாம்; திருத்தலாம்; பிறர்க்கும் வழங்கலாம். புதிய வணிக இயங்குதளங்கள் ஏற்க மறுக்கும் பழைய மேசைக்கணினியிலும் இது ஓடும். ஆதலின் பாலையூற்றுப் போன்ற ஊர்களிலுள்ள ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இது பெரிதும் வாய்ப்பானது.

இத்தகைய கணினியிலே செயலியொன்று இருமுறை மறைந்தால் அயலார் முதலிற் சொல்லும் மருந்து, “போமற் பண்ணிவிடுங்கள்” என்பது. வன்தட்டை முழுதும் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவுதலையே அவர் கருதுவர். நோய் தீரினும் தீரும்; ஆனால் எழுதிவைத்தவை காப்புப்பிரதி இல்லாவிடிற் போயே போகும். நோயின் காரணமும் உடன் மறைந்துவிடுதலின், அடுத்த திங்கள் அதே நோய் திரும்பினாற் கேட்பதற்கு ஒரு சான்றும் இராது. செல்லரித்த ஏடுகளோடு மல்லாடிய துன்பத்தைச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தம் பதிப்புரையிலே உருக்கமாக எழுதிவைத்தார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நம்மிற் பலர் அறிவர். அத்தகைய இழப்புக்களைக் கண்ட ஒரு மக்கட் கூட்டம், காரணம் அறியாத ஒரு சிறு கோளாற்றுக்காகத் தன் எழுத்தைத் தானே துடைத்துவிட உடன்படுவது எனக்கு விளங்கவில்லை.

செயலியின் இறுதிச் சொல்லைக் கேட்கும் வழி எளிது. அதனைப் படக்குறியைத் தட்டித் திறவாமல், முனையம் எனப்படும் கட்டளைச் சாளரத்திலிருந்து பெயர் சொல்லித் தொடங்குதல் வேண்டும். பின்னர் வழக்கம்போற் பணி செய்க. செயலி மறையும்பொழுது முனையத்திலே ஒரு சிறு வரி எஞ்சி நிற்கும். அவ்வரியிற் பெரும்பாலும் காணப்படுவன மூன்று சொற்களுள் ஒன்று. ‘அபோட்டட்’ என்றிருப்பின், செயலி தன்னுள்ளே ஒரு முரண்பாட்டைக் கண்டு, மேற்செல்லுதல் தகாதெனத் தானே நின்றது என்பது பொருள். ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ என்றிருப்பின், தனக்கு உரித்தல்லாத நினைவக இடத்தை அது தீண்டிற்று. கருனி அதனை நிறுத்திற்று. ‘கில்ட்’ என்றிருப்பின், அது கொல்லப்பட்டது. குற்றம் அதனுடையதாய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. வரி கண்ணுக்குத் தப்பினும் எண் தப்பாது. ‘எக்கோ’ என்னும் கட்டளையோடு டொலர்க் குறியையும் வினாக்குறியையும் சேர்த்து உடனே தட்டினால் முடிவெண் கிடைக்கும். மேற்கூறிய மூன்றுக்கும் அது முறையே 134, 139, 137. இவற்றிலிருந்து 128 ஐக் கழிக்க வருவன 6, 11, 9 என்னும் சைகை எண்கள். ஒரு செயலியை நிறுத்துதற்குக் கருனி வழங்கும் ஆணைகள் இவ்வாறு எண்ணிடப்பட்டுள்ளன.

கொல்லப்படுதலைச் சற்று விரித்துரைத்தல் தகும்; பழைய கணினி வைத்திருப்போர்க்கு நேர்வது பெரும்பாலும் அதுவே. லினக்ஸ் கருனி நினைவகத்தைக் கொடுப்பதிலே தாராளமானது. தன்னிடம் உள்ளதினும் மிகுதியாகவே செயலிகளுக்கு வாக்களித்துவிடும். கேட்டவரெல்லாம் ஒரே வேளையிற் பெற்றுக்கொள்ள வாரார் என்பது அதன் நம்பிக்கை. வந்துவிட்டாலோ, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு புள்ளி இட்டு, பெரும்பாலும் மிகுதியாக உண்ணும் செயலியையே தேர்ந்து முடித்துவிடும். இருபது தாள்களைத் திறந்து வைத்த இணைய உலாவியே பெரிதும் அகப்படும். சில வேளை உலாவி தப்ப, எழுதிக்கொண்டிருந்த கட்டுரை மாளும். 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04 பதிப்பிலே, நினைவகம் முற்றும் தீருமுன்னரே நெருக்கடியை உணர்ந்து செயல்படும் ஒரு காவற்பணி இயல்பாகவே இயங்குமாறு சேர்க்கப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும் உலாவி முதலியன முன்னறிவிப்பின்றி மறைகின்றன என்று பல நாட்டுப் பயனர்களும் அவ்வாண்டிலே முறையிட்டனர். இக்காவற்பணி ஒரு செயலியை மாத்திரமன்றி அது சேர்ந்த குழு முழுவதையும் முடிப்பதாகலின், முனையமும் உடன் மறைதல் உண்டு. சான்று கூறவேண்டியவனும் சேர்ந்தே போய்விடுகின்றான். அப்பொழுது நாடவேண்டியது ‘ஜேர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளையாற் படிக்கப்படும் பதிவேடு. செயலி மறைந்த மணித்துளியைக் குறித்துவைத்துக்கொண்டு அந்நேரத்து வரிகளைப் பார்த்தால், நினைவகம் தீர்ந்தமையும், யார் கொன்றார், யாரைக் கொன்றார் என்பனவும் அங்கே எழுதப்பட்டிருக்கும். மருந்தும் எளிது: திறந்தவற்றைக் குறைத்தல், வன்தட்டிலே இடமாற்றுக் கோப்பொன்றைப் பெருக்கி அமைத்தல், இயலுமாயின் நினைவகத் தகடு ஒன்றைக் கூட்டுதல். எழுத்துச்செயலியைக் கழற்றி மீள நிறுவுவதால் இங்கே எள்ளளவும் பயனில்லை.

செக்மென்டேஷன் ஃபோல்ட் அத்தன்மையதன்று. அஃது ஒரு வழுவின் தடம். அதே பதிவேட்டிலே கருனி இதற்கும் ஒரு வரி எழுதும். எந்த முகவரியைத் தீண்டியபொழுது, எந்த நிரலகத்தின் உள்ளே, எத்தகைய பிழை என்பன அவ்வொரு வரியிலே அடங்கும். முகவரி பூச்சியம் எனக் காணப்படின், இல்லாத ஒன்றை உள்ளதாகக் கொண்டு செயலி அதனைத் தேடிச் சென்றது என்று ஊகிக்கலாம். பிழையெண் 4 எனின், இல்லாத இடத்தைப் படிக்க முயன்றது. 6 எனின், அங்கே எழுத முயன்றது. கல்வெட்டு வாசிப்போர்க்கு இவ்வளவு சுருங்கிய மொழி புதிதன்று.

விரிந்த சான்று வேண்டுவோர்க்குக் ‘கோர்டம்ப்’ என்பதொன்று உண்டு. செயலி வீழ்ந்த கணத்திலே அதன் நினைவகம் இருந்தபடியே ஒரு கோப்பாகக் கொட்டப்படும். பெயரிலுள்ள ‘கோர்’ என்பது, 1950 களிலும் அடுத்த இருபது ஆண்டுகளிலும் நினைவகமாகப் பயன்பட்ட சிறு காந்த வளையத்தைக் குறித்த சொல். அவ்வளையங்கள் ஒழிந்தும் பெயர் ஒழியவில்லை. பனையேடு கையினின்று போன பின்னரும் நாம் நாளேடு படிக்கவில்லையா? இக்கொட்டலிலிருந்து, எந்த வினை எந்த வினையை அழைத்து இறுதியில் எங்கே வீழ்ந்தது என்னும் தடவரிசையைப் பெறலாம். கடைசி வினை மேலேயும் முதல் வினை அடியிலுமாக அது நிற்கும். ஆற்றொழுக்காய்ச் செல்லாத செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள்கொள்வதுபோல அடியிலிருந்து மேல்நோக்கிப் படித்தல் வேண்டும். சில இடங்களிற் பெயருக்குப் பதிலாக இரட்டை வினாக்குறிகளே நிற்கும். அவ்விடத்து நிரற்பெயர்களைத் தனியே வைத்திருக்கும் சேவையகங்கள் டெபியன், உபுண்டு, பெடோரா முதலிய வெளியீடுகளுக்கு உள. அவற்றின் துணையோடு பார்த்தால் வெற்றிடங்கள் நிரம்பும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொட்டலிலே கடவுச்சொல்லும் கடிதமும் இருத்தல் கூடும். அதனை முன்பின் அறியாதார்க்கு அனுப்பற்க.

இனி, மாணவர் சிலரும் யானும் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன். துறைமுகத்தை அண்டிய ஊர்களின் முதியோரிடம் கேட்டறிந்த கடற்றொழிற் சொற்களை ஒரு தொகுப்பாகத் தட்டெழுதி வந்தோம். கோப்பு நன்றாகவே திறந்தது. 47 ஆம் பக்கத்தை அடைந்தவுடன் எழுத்துச்செயலி மறைந்தது. மீண்டும் திறந்தோம், மீண்டும் அதே பக்கம். இவ்வாறு ஒரே இடத்தில் மறைவது நற்செய்தியென்றே கொள்க. நினைத்தபொழுது நேர்வித்துக் காணக்கூடிய வழுவே பிடிபடும் வழு. முதலிற் கோப்புக்குப் பிரதி எடுத்து வேறொரு கணினியிலே திறந்தோம். அங்கே இடரில்லை, எனவே கோப்புக் கெட்டதன்று. பின்னர் எம் கணினியிலே புதிய பயனர் கணக்கொன்றை உண்டாக்கி அதனுள் திறந்தோம். பயனர் ஒருவரின் தனி அமைப்புக்கோப்புக்களே காரணமாயின் புதிய கணக்கிலே செயலி பிழைத்துக்கொள்ளும். பிழைக்கவில்லை. ஆகவே காரணம் கணினி முழுமைக்கும் பொதுவான ஏதோ ஒன்று. முனையம் 139 என்றது. பதிவேடோ எழுத்துரு தொடர்பான ஒரு நிரலகத்தின் பெயரைக் காட்டிற்று. 47 ஆம் பக்கத்தைப் பார்த்தால், அதன் தலைப்பு மாத்திரம் அழகுக்காக வேறோர் எழுத்துருவில் இருந்தது. அவ்வெழுத்துருக் கோப்பு வழியிலே குறைபட்டு வந்ததொன்று. அதனை அகற்றினோம், பக்கம் திறந்தது.

எழுத்துரு ஒரு செயலியை வீழ்த்துமா என வியப்போர், தமிழெழுத்துத் திரையிலே தோன்றும் வகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘கெ’ என்பதிற் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக எழுதுகின்றோம். ஆனால் யுனிகோடு முறையிலே கணினி அதனை மெய்யடியை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகவே சேமிக்கின்றது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் கொள்கைக்கு இது முற்றும் இயைந்தது. சேமித்த வரிசையை எழுதும் வரிசையாக மாற்றுவதற்கென்றே தனி நிரலகம் வேண்டும். லினக்ஸ் மேசைக்கணினிகளிற் பெரிதும் இப்பணியைச் செய்வது ‘ஹார்ஃபஸ்’ என்பது. அப்பெயர் பாரசீக மொழியிலே திறந்த எழுத்து என்னும் பொருளுடையது. ஒவ்வோர் எழுத்துக்கும் இந்நிரலகம் எழுத்துருவின் அட்டவணைகளைப் புரட்டுகின்றது. அட்டவணை பொய் சொன்னால், சரிபாராத நிரல் பொய்யை நம்பி இல்லாத இடத்துக்குச் செல்லும்.

பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. லினக்ஸுக்குப் புறத்தேயுள்ள செய்தியாயினும், 2018 பெப்ரவரியில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். தெலுங்கின் ‘ஜ்ஞா’ என்னும் கூட்டெழுத்து, கண்ணுக்குத் தோன்றாத, இணைப்பைத் தடுக்கும் ஒரு குறியோடு சேர்ந்து செய்தியிலே வந்தால், ஆப்பிள் நிறுவனத்துக் கைபேசியிலும் கணினியிலும் அதனைக் காட்ட முயன்ற செயலிகள் வீழ்ந்தன. அம்மாதமே கைபேசியில் 11.2.6 என்னும் பதிப்பால் அது திருத்தப்பட்டது. தெலுங்கிலே ஞானம் என்ற சொல் அவ்வெழுத்தாலேயே தொடங்கும்! நம் மொழிகளின் எழுத்தியல்பை அறிந்தவர் நிரலெழுதும் இடங்களிலே போதிய அளவு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தமிழ் கற்ற மாணவன் கணினித் துறையிலே எனக்கென்ன வேலை என்று வினவுவானாயின், அவனுக்கு இதனைக் காட்டுவேன்.

தமிழிடைமுகத்தை விரும்பிப் பயன்படுத்துவோர்க்கு ஒன்று. யானும் அவருள் ஒருவன். எனினும் பிழைச்செய்தியைப் படிக்கும் வேளையில் மாத்திரம், ‘எல்சி-ஆல்’ என்னும் மாறிக்குச் ‘சி’ என்று மதிப்பிட்டுச் செயலியைத் தொடங்குக. செய்தி அதன் மூல ஆங்கிலத்திலே வரும். மொழிபெயர்த்த வாசகத்தை உலகிலே தேடுவோர் சிலர். மூலவாசகத்தைத் தேடி விடை கண்டோர் பலர்.

வழுவை அறிவித்தலும் ஒரு கடன். மூலநிரல் திறந்திருப்பதாற் பயன்பெறுவோர் அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது இதுவே. “வேலை செய்யவில்லை” என்று எழுதினால் எவரும் ஒன்றும் செய்ய இயலாது. வெளியீட்டின் பெயரும் பதிப்பெண்ணும், செய்த செயல்கள் செய்த ஒழுங்கிலே, எதிர்பார்த்தது, நிகழ்ந்தது, முனையத்து வாசகம் எழுத்துப் பிசகாமல் — இவ்வளவும் வேண்டும். பாடம் ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் ஏட்டிலுள்ளதைத் திருத்தாமல் உள்ளபடியே முதலிற் குறித்துக்கொள்வதைப் போல்வது இது. எம் மாணவர் ஆங்கிலத்திலே எட்டு வரிகள் எழுதி, அந்நிரலகத்தைப் பேணுவோர்க்கு அனுப்பினர். மூன்றாம் நாள் மறுமொழி வந்தது: குறைபட்ட அவ்வெழுத்துருக் கோப்பை அனுப்ப இயலுமா? அழியாது வைத்திருந்தமையால் அனுப்பினோம். அக்கோப்பை வைத்து நிரலகத்தைச் சோதிக்கும் சிறு தேர்வொன்று இப்பொழுது அவர்களிடம் இருக்கின்றதாம்.

47 ஆம் பக்கத்திலே இருப்பவை காற்றுக்களின் பெயர்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். பக்கம் திறந்துவிட்டது. ஆயின் கச்சானும் சோழகமும் ஒரே காற்றா, வேறு வேறா என்பதில் முதியோர் இருவர் இரு வகையாகச் சொல்லியிருக்கின்றனர். அவர்களை மறுபடியும் கண்டு கேட்கவேண்டியிருக்கின்றது.